தராசில் இருந்தது என் கைதான்

சபையில் சாட்சி நேரத்தில் அடிக்கடி காதில் விழுவது: "சத்துரு என்னை விழத்தள்ளிட்டான்." சத்துரு என்றால் சாத்தான். யாரை ஏமாற்றினார், எவ்வளவு எடுத்தார் என்பது மட்டும் சாட்சியில் வராது. சத்துரு தலையில் போட்டாச்சு, அல்லேலூயா, உட்கார்ந்தாச்சு. இப்போது "முன்னோர் சாபம்" வேறு வந்திருக்கிறது. தாத்தா செய்ததுதான் பேரனை ஆட்டுகிறதாம். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுக்க இந்தப் பேச்சுக்குத்தான் பதில். அப்பன் திராட்சக்காய் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுது என்று இனிச் சொல்லாதே என்கிறது.

நானும் சத்துருவைச் சொன்னவன்தான்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடையில் சின்ன வயசில் எடை போட நின்றேன். ஷீட்டில் ஈரம் இருந்தால் எடையில் கழிப்பது வழக்கம், அதில் தப்பில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காயாத இடம் வெள்ளையாகத் தெரியும். ஒரு பாட்டி கொண்டுவரும் ஷீட் மட்டும் புகையில் நன்றாகக் காய்ந்து தேன் நிறத்தில் இருக்கும். அதையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈரம் கெடக்கு பாட்டி" என்று அரைக் கிலோ கழிப்பேன். நோட்டில் முழு எடை. மிச்சம் என் சட்டைப்பையில். முதலாளி சொல்லிச் செய்ததில்லை.

அதே ஞாயிறு திருவிருந்திலும் பங்கெடுப்பேன். பாவ அறிக்கையைச் சபையே சேர்ந்து சொல்லும்போது அதில் ஒளிந்துகொள்வது சுலபம். கத்தோலிக்கர் "என் பாவமே, என் பாவமே" என்று நெஞ்சில் தட்டுவது எனக்குப் பிடிக்கும். தட்டுவது அவரவர் நெஞ்சில்தானே.

2011 கணக்கெடுப்பில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் 100 பேரில் சுமார் 47 பேர் கிறிஸ்தவர்கள். அப்படியானால் வரப்பை நகர்த்தினவனும் வரப்பு போனவனும் பல நேரம் ஒரே கோயிலில்தான் பாட்டு படிக்கிறார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொன்னதை நாம் ஏனோ பாட்டாக்கவில்லை.

பல வருஷம் கழித்துப் பாட்டி வீட்டுக்குப் போனேன். லூக்கா 19-இல் வரும் வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருவேன் என்றான். லேவியராகமம் 6-இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். நான் லேவியராகமத்தைத் தேர்ந்தெடுத்தேன் (சிரிக்காதீர்கள்).

திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சொன்னேன். கை நிற்கவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும் மக்களே."

ரூபாயை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கேட்டார்: "வேற ரெண்டு பேரும் ஷீட்டு கொண்டு வருவாவளே, அவியளுக்குக் குடுத்தியா?"

ஒருவர் இறந்துவிட்டார், மகனைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் எங்கள் சபையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறார். இதை எழுதுவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவருக்கு முகநூலும் உண்டு.