நெருப்பை அணைத்த தண்ணீரே கப்பலைக் கவிழ்க்கும்

இரண்டாம் உலகப் போரின் துருப்புக் கப்பல்கள் என்றாலே நம் ஆட்கள் நீர்மூழ்கி, டார்பிடோ என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வகைக் கப்பலுக்கு நெருப்பும் அதை அணைக்க இறைக்கும் தண்ணீரும் டார்பிடோவுக்குச் சற்றும் குறையாத ஆபத்துகள். அமெரிக்கக் கடற்படையின் வேக்ஃபீல்டைப் பாருங்கள்.

நியூ ஜெர்சியின் கேம்டனில் கட்டி, 1931 டிசம்பரில் மன்ஹாட்டன் என்ற பெயரில் நீரில் இறக்கிய சொகுசுப் பயணிக் கப்பல் அது. 1941 ஜூன் 15 அன்று வேக்ஃபீல்டு என்ற புதிய பெயரோடு கடற்படையில் சேர்ந்தது. ஓட்டியவர்கள் கடலோரக் காவல் படையினர். சுமார் 1,200 பயணிகளுக்காகக் கட்டியதில் அடுக்குக் கட்டில்களைப் போட்டு 6,000 சிப்பாய்களை ஏற்றினார்கள்.

முதல் பெரிய பயணம் 1941 நவம்பர் 10, கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து. ஏற்றியது பிரிட்டிஷ் துருப்புகளை. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவே இல்லை! நடுநிலை என்ற சொல்லுக்கு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொடுத்த விளக்கம் அது. கேப்டவுன், பம்பாய் வழியாக 1942 ஜனவரி 29ல் சிங்கப்பூர். மறுநாள் கெப்பல் துறைமுகத்தில் நிற்கையில் ஜப்பானியக் குண்டு ஒன்று தளத்தைத் துளைத்து மருத்துவ அறையில் வெடித்தது. 5 பேர் பலி. அப்படியும் சுமார் 400 பிரிட்டிஷ் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பம்பாய் திரும்பியது. சிங்கப்பூரில் இறங்கிய துருப்புகளின் படைப்பிரிவான பிரிட்டிஷ் 18ஆம் டிவிஷன் பிப்ரவரி 15ல் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அவர்களில் பலர் கைதிகளாக, ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள் கொத்துக்கொத்தாகச் செத்த அதே பாதை. கப்பல் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது, அனுப்பியவர்கள்தான் காலம் கடந்து அனுப்பினார்கள்.

இனி நெருப்புக்கு வருவோம். 1942 செப்டம்பர் 3 மாலை, பிரிட்டனிலிருந்து நியூயார்க் திரும்பும் வழியில் தீ. எதிரி யாரும் சுடவில்லை. பயணிக் கப்பலுக்குள் மரப் பலகைச் சுவர், அடுக்கடுக்காய்ப் பூசிய பெயின்ட், மெத்தை எல்லாமே விறகு. படிக்கட்டுக் கூடமும் காற்றுக் குழாயும் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். ஒரு தளத்தில் பிடித்தது நாலு தளத்துக்கு ஏறிவிடும். புரூக்ளின் என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலும் மேயோ முதலான நாசகாரிக் கப்பல்களும் நெருங்கி வந்து, ஏறத்தாழ 1,500 பேரையும் காப்பாற்றின.

எரியும் கப்பலை இழுத்துப்போய் ஹாலிஃபாக்ஸ் அருகே கரை தட்டவைத்தார்கள். இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் துறையில் நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிக் கப்பல் எரிந்தபோது, தீயணைப்புப் படகுகள் இறைத்த தண்ணீர் மேல்தளங்களில் தேங்கியது. தேங்கிய நீர் சும்மா இருக்காது. கப்பல் கொஞ்சம் சாய்ந்தால் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். கீழ்த்தளத்து நீரைவிட உயரத்தில் நிற்கும் நீர் பல மடங்கு ஆபத்து. அடியில் நீரை விட்டு அப்படியே தரையில் உட்கார வைக்கலாம் என்று அதை வடிவமைத்த யுர்கெவிச் துறைக்கே வந்து சொன்னார். அங்கிருந்த அதிகாரிகள் கேட்கவில்லை, கப்பல் கவிழ்ந்தது.

வேக்ஃபீல்டுக்கும் அந்தக் கண்டம் வந்தது. தீ அணைந்தபின், செப்டம்பர் 14ல் கொட்டிய அடைமழை. மேல்தளங்கள் நிரம்பிச் சாய ஆரம்பிக்குமோ என்ற நிலையில், நீர்மட்டத்துக்கு மேலே பக்கவாட்டில் ஓட்டை போட்டார்கள். பம்பே வேண்டாம், மேலே நின்ற நீர் தானாக வெளியே போனது.

கணக்குப் புத்தகத்தில் அது தேறாத கப்பல். ஆனாலும் பாஸ்டன் கடற்படைத் தளத்தில் எரிந்ததையெல்லாம் வெட்டியெடுத்துத் திரும்பக் கட்டி, 1944 பிப்ரவரி 10ல் மறுபடி சேவைக்கு விட்டார்கள். வேகத்தை நம்பித் துணைக் கப்பல் இல்லாமலே ஓடியது. அட்லாண்டிக்கில் 23 முறை போய்வந்தது, ஒவ்வொன்றுக்கும் சராசரி 18 நாள். ஐரோப்பாவுக்கு 1,10,563 துருப்புகள், திரும்புகையில் காயம்பட்டவர்கள் உட்பட 1,06,674 பேர். அதாவது இந்தக் கணக்கில் வரும் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரும் பயணம் செய்தது, அந்த மழை நாளில் சில ஓட்டைகளால் பிழைத்த கப்பலில்.

1946 ஜூன் 15ல், சேர்ந்த அதே தேதியில், பணி முடிந்தது. ஹட்சன் ஆற்றில் வருடக்கணக்காகச் சும்மா கட்டிக் கிடந்து, 1965ல் உடைக்கப்பட்டது.