கால்பந்துப் போரில் மோதியவை ஜெட் விமானங்கள் அல்ல

மேலே நண்பர் ஒருவர், மத்திய அமெரிக்க நாடுகளான எல் சால்வடோரும் ஹோண்டுராஸும் 1969-ல் மோதிய ‘கால்பந்துப் போரில்’ எல் சால்வடோரின் ஜெட் விமானங்கள் முதல் நாளே ஹோண்டுராஸ் விமானப்படையை அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

மோதியவை இரண்டாம் உலகப்போர் கால ரகங்களைச் சேர்ந்த காற்றாடி (புரொப்பெல்லர்) விமானங்கள். ஹோண்டுராஸிடம் கோர்செர், எல் சால்வடோரிடம் கோர்செரும் மஸ்டாங்கும். ஜூலை 14 மாலை ஹோண்டுராஸ் தலைநகர் டெகுசிகல்பாவின் டோன்கோண்டின் விமான நிலையத்தைத் தாக்கியது எல் சால்வடோர். சரக்கு விமானமான சி-47-ஐக்கூட அனுப்பினார்கள்; குண்டுகளைக் கதவு வழியாகக் கையால் தள்ளிவிட வேண்டியிருந்தது! இப்படிப் போட்டால் குறி எங்கே தப்பாமல் விழும்? ஹோண்டுராஸ் விமானங்கள் பெரும்பாலும் தப்பின. மறுநாளே எல் சால்வடோரின் இலோபாங்கோ விமானத் தளத்தையும் அகஹுட்லா எண்ணெய்க் கிடங்குகளையும் திருப்பித் தாக்கின.

ஜூலை 17 அன்று ஹோண்டுராஸ் விமானி கேப்டன் ஃபெர்னாண்டோ சோட்டோ ஒரே நாளில் மூன்று எதிரி விமானங்களை வீழ்த்தினார். காலையில் ஒரு மஸ்டாங், பிறகு இரண்டு கோர்செர். கடைசி இரண்டும் அவர் ஓட்டிய அதே ரகத்தின் பழைய வடிவம். அவருடையதில் 20 மி.மீ. பீரங்கிகள் நான்கு. காற்றாடிப் போர் விமானங்கள் ஒன்றையொன்று வீழ்த்திய கடைசி வான்சண்டை என்று வரலாற்றில் நிற்பது இதுதான்.

அவர் ஓட்டிய 609 எண் கோர்செரை டெகுசிகல்பா அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள். ஜூலை 17 சண்டையில் உயிர்விட்ட விமானிகள் இரண்டு பேர், இருவருமே சால்வடோர்க்காரர்கள்.