ஸ்பீக்கர் வாங்கியாச்சு, இதை எதன் மேல் வைப்பதாம்?

ஸ்பீக்கர் விற்கிற கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். புத்தக அலமாரியில் வைக்கிற அளவு என்று பெயர் வைத்த ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை ஒருவன் தலையில் கட்டுகிறீர்களே, அதை வீட்டில் எதன் மேல் வைப்பான் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

கடையில் எல்லாம் அமர்க்களம். ஏசி அறை, சுவரெல்லாம் மெத்தை மாதிரி பேனல், காலுக்கடியில் கம்பளம், கனமான இரண்டு ஸ்டாண்டுகள் மேல் ஸ்பீக்கர்கள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. பாட்டுப் போட்டார்கள். பாடகி சரியாக நடுவில் நிற்கிறார், தபலா இடதுபுறம் கொஞ்சம் தள்ளி. சரி என்று பணத்தைக் கட்டினேன். பில் கைக்கு வந்ததும் ஸ்டாண்டைக் கேட்டால், "அது டெமோவுக்கு சார், விக்கிறதில்ல. டிவி யூனிட் மேலயே வெச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்கிறார். வயரா? "அது தனி சார், மீட்டர் கணக்கு." வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் இரண்டு ஸ்பீக்கர், ஒட்டுவதற்கு எட்டு ரப்பர் பொட்டு, உலகத்து மொழிகளில் எல்லாம் எச்சரிக்கை அச்சடித்த ஒரு தாள். அவ்வளவுதான். கிரைண்டரை விற்றுவிட்டுக் குழவியை நீயே தேடிக்கொள் என்று அனுப்புகிற வியாபாரம் இது.

டிவி யூனிட் மேல் வைத்தால் ஒன்றும் ஆகாதாம். ஆகும் ஐயா, எல்லாம் ஆகும். சோபாவில் உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து 92 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிவி யூனிட் என் முழங்கால் உயரம்கூட வராது. ஸ்பீக்கரில் ட்வீட்டர் என்கிற சின்ன வட்டம் எழுப்பும் உச்ச ஸ்தாயி ஒலிகள் நேர்கோட்டில் போகிறவை. காதுக்கு நேராக வைத்தால்தான் வயலினும் ஜால்ராவும் உருப்படியாகக் கேட்கும். கீழே வைத்தால் முழங்கால்தான் கச்சேரி கேட்கும். அது மட்டுமா? அந்த யூனிட் உள்ளே வெற்றுப் பெட்டி, மேலே லேமினேட் ஒட்டிய பலகை. பேஸ் என்கிற தாழ்ந்த, கனத்த ஒலி வந்தாலே சேர்ந்து கூவுகிறது. டிராயரில் கிடக்கும் ரிமோட்டும் சாவியும் தாளம் போடுகின்றன. போதாததற்கு ஸ்பீக்கரின் முதுகில் ஓர் ஓட்டை. பேஸுக்கான காற்று அந்த வழியாகத்தான் வந்து போகிறது. சுவரோடு ஒட்டி வைத்தால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே 'தும் தும்'. அந்த எச்சரிக்கைத் தாளே சுவரிலிருந்து தள்ளி வை என்கிறது. யூனிட்டின் ஆழத்தில் எங்கே தள்ளுவது?

1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தில் காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே சிக்கிய காற்றே ஸ்பிரிங் போல வேலை செய்யும், பின்னால் ஓட்டை கிடையாது. அதைச் சுவரோரம் அலமாரியில் வைத்தால் ஓர் அர்த்தம் உண்டு. இன்றைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஓட்டை போட்டவை. ஆனால் அலமாரியில் வைக்கலாம் என்கிற பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆக ஸ்டாண்டு வேண்டும். ட்வீட்டர் ஸ்பீக்கரின் அடியிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஸ்டாண்டு 67 சென்டிமீட்டர், அதாவது 26 அங்குலம். போய்த் தேடுங்கள் பார்க்கலாம். ஆன்லைனில் இரண்டு ஜாதிதான். ஒன்று, ஹோம் தியேட்டரின் குட்டி ஸ்பீக்கர்களுக்கான ஒல்லிக் கம்பி. மேல் தட்டு உள்ளங்கை அகலம். ஏழு கிலோ ஸ்பீக்கரை அதன் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது. இன்னொன்று இறக்குமதி. ஸ்பீக்கர் விலையில் பாதி. இரும்புக் குழாய்க்கும் இரண்டு தகட்டுக்கும்! இடைப்பட்டது ஒன்று இந்த ஊரில் கிடையாது.

சரி, கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை தெருவுக்குத் தெரு இருக்கிறதே என்று போனேன். தாளில் படம் போட்டே கொடுத்தேன். மூன்று அங்குல எம்எஸ் பைப் (சாதா இரும்புக் குழாய்தான்), மேலே ஆறு எம்எம் பிளேட், கீழே ஓர் அடிக்கு ஓர் அடி. "பூந்தொட்டி வைக்கவாண்ணே?" என்றார் பட்டறைக்காரர். பாட்டுப் பெட்டி என்றதும், "அதுக்கா இவ்ளோ கனம்?" என்று அவராகவே மெல்லிய பிளேட்டுக்கு மாறிவிட்டார். நல்ல மனசுதான், எனக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாராம். மெல்லிய தகட்டில் வெல்டு வைத்தால் சூட்டில் வளையும். வளைந்தது. தரையில் வைத்தால் ஸ்டாண்டு ஆடுகிறது. "வீட்டுத் தரை சரியில்லண்ணே" என்கிறார்.

அந்த ஆட்டத்தை நிறுத்த மூலைக்கொரு நட்டு வெல்டு வைத்து, அதில் போல்ட் முறுக்கி லெவல் பார்க்க வேண்டும். மூன்று போல்ட் என்றால் ஆடவே ஆடாது, எந்தத் தரையிலும் மூன்று கால் ஊன்றி நிற்கும். ஆனால் குழந்தை ஓடி வந்து இடித்தால் நாலு கால்தான் தாங்கும். அதனால் நாலு. நாலு என்றால் எப்போதும் ஒன்று தூக்கிக்கொள்ளும். குனிந்து, ஸ்பேனரைக் காலுக்கடியில் விட்டு, கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். போல்ட் முனை டைல்ஸைக் கீறாமல் இருக்க அடியில் ஒரு ரூபாய்க் காசு. வீட்டைத் துடைக்க வரும் அக்கா அந்தக் காசுகளைப் பத்திரமாக எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யார் வீட்டில் காசை மிதித்து நிற்கிற சாமான் இருக்கிறது?

பெயின்ட் கதை தனி. பெயின்ட் பொடியைப் பூசி ஓவனில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் கடையில் இரண்டு பீஸுக்கெல்லாம் ஓவன் போட மாட்டார்களாம். அப்புறம் மணல். வெற்றுக் குழாயைச் சுண்டினால் கோயில் மணி மாதிரி ஒலிக்கிறது, பாட்டு ஓடும்போதும் கூடவே ரீங்காரம். உள்ளே மணலை நிரப்பினால் அடங்கும். ஒரு குழாய்க்கு நாலு கிலோவுக்கு மேல் பிடிக்கும். கடல் மணல் கூடாது, உப்பில் குழாய் துருப்பிடிக்கும். ஆற்று மணலுக்கு எங்கே போவது? எம் சாண்டை மொட்டை மாடியில் காயவைத்து, சலித்து, புனல் வைத்து ஊற்றினால், பட்டறைக்காரர் விட்ட ஊசி ஓட்டைகள் வழியாக அத்தனையும் ஹாலுக்கு வருகிறது.

இனி வயர். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் ஒரு கடை. சுருளின் மேல் 'சுத்தமான செம்பு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கிறது. தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கிறது. செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், கைக்கே தெரிந்துவிடும். ஒரு நுனியைச் சீவி, பிளேடால் இழையைச் சுரண்டினேன். சிவப்புப் பூச்சு போய் உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். அலுமினியம் செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம்தான் கடத்தும். இரண்டு தடவை மடித்தால் இழை ஒடியும். கேட்டால், "எல்லாரும் இதான் சார் வாங்குறாங்க" என்று பதில். அடுத்த கடையில் நேர் எதிர். பாம்பு கனத்தில் பின்னல் சட்டை போட்ட வயர், ஒரு மீட்டருக்குச் சொல்கிற விலையில் ஒரு குடும்பத்துக்கு மாத மளிகை வாங்கலாம். "இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் போடணும் சார், இல்லேன்னா ஒரு பக்கம் லேட்டா கேக்கும்" என்று உபதேசம் வேறு. இரண்டு மீட்டர் வித்தியாசத்துக்கு மின்சாரம் தாமதிப்பது ஒரு நொடியில் நூறு கோடியில் பத்துப் பங்கு. அதற்குள் ஒலி நகரும் தூரம் தலைமுடி கனத்தில்கூட ஒரு துளிதான். இதைச் சொன்னால், "காது வேணும் சார்" என்று என்னைப் பார்க்கிறார்.

நாலைந்து மீட்டர் தூரத்துக்கு எலக்ட்ரீஷியன்கள் சொல்கிற ஒன்றரை ஸ்கொயர், அதாவது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்பு வயர் தாராளம். இதைச் சொல்ல ஒரு கடைக்காரருக்கும் வாய் வரவில்லை.

வீடு கட்டினவர் புண்ணியத்தில் ஹாலில் 'ஹோம் தியேட்டர் பாயிண்ட்' ஒன்று இருக்கிறது. பெருமையாகக் காட்டினார்கள். மூடியைக் கழற்றினால் சுவருக்குள் இருந்து எட்டிப் பார்ப்பது அரை ஸ்கொயர் ஒல்லி வயர்கள், எல்லாமே கறுப்பு. எது பிளஸ், எது மைனஸ், எது எந்த மூலைக்குப் போகிறது, ஒரு குறி கிடையாது. சுவர் ஏறி, சீலிங் கடந்து, இறங்கி வர ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டர். போக வர இருபது. அந்த வயரின் தடை மட்டுமே 0.7 ஓம், என் ஸ்பீக்கரோ 6 ஓம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வயரே தின்கிறது. அதில் பிளஸ் மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறினால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது இன்னொன்றின் கூம்பு பின்னே இழுக்கும். பேஸ் காணாமல் போகும், பாடகி அறை முழுக்கக் கரைந்துபோவார். டார்ச் பேட்டரியை ஒரு நொடி வயரில் தொட்டு, பேஸுக்கான பெரிய கூம்பு, அதாவது வூஃபர், வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று கண்டுபிடித்துச் செல்லோ டேப் ஒட்டிக் குறி வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நிறத்தில் வயர் இழுப்பதற்கு என்ன கேடு?

ஸ்பீக்கர் பின்னால் வயர் மாட்டும் ஓட்டைகளில் சிவப்பும் கறுப்புமாகப் பிளாஸ்டிக் அடைப்பு வேறு. ஐரோப்பாவில் சின்ன வகைச் சுவர் பிளக்கின் காலும், ஸ்பீக்கர் வயர் நுனியில் மாட்டும் பனானா பிளக்கும் ஒரே 4 எம்எம் என்பதால், யாரும் ஸ்பீக்கர் வயரைக் கொண்டுபோய் மெயின்ஸில் சொருகிவிடக்கூடாதென்று அங்கே வந்த ஏற்பாடு. அந்த ஊர் பயத்துக்கு நான் இங்கே ஊக்கை வைத்து நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு எங்கே நிறுத்துவது? இரண்டு ஸ்பீக்கரும் நானும் சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும் என்பது விதி. என் ஹாலில் இடது மூலையில் பால்கனிக் கதவு, வலது மூலையில் பூஜை அறைக் கதவு. எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் வழியில் நிற்கும். வெற்றுச் சுவர், டைல்ஸ் தரை, கை தட்டினால் தட்டின கை கீழே வந்த பிறகும் சத்தம் சுற்றுகிறது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "இவ்வளவு காசுக்கு ரெண்டே டப்பாவா? எங்க வீட்ல அஞ்சு இருக்கு, கீழ ஒரு பெரிய பேஸ் டப்பா வேற" என்கிறார்கள். நேற்று பார்த்தால் இடது ஸ்பீக்கர் தலைமேல் ஒரு பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட். யார் வைத்தது என்று கேட்டேன். "அந்த ஸ்டாண்டு சும்மாதானே நிக்குது" என்கிறார்கள். ஏழு கிலோ ஸ்பீக்கர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, சும்மா நிற்கிறதாம்!