மூணாற்று மழையில் எதில் படிப்பது?

ஜூன் பிறந்துவிட்டால் மூணாற்றில் புத்தகங்களைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிடுகிறது. அப்பா சேர்த்து வைத்த நூல்களில் பாதிக்கு மேல், அட்டை நெளிந்து, முதுகுப் பசை விட்டுப்போய், பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையானதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே கிண்டிலா (அமேசானின் மின்நூல் வாசிப்புக் கருவி), டேப்லெட்டா, அச்சுப் புத்தகமா என்று யாராவது கேட்டால், தாளின் வாசத்தைப் பற்றி மட்டும் பேசி என்னால் நிறுத்திக்கொள்ள முடிவதில்லை.

தமக்கென்று வாசிக்க விரும்பும் இவ்வூர்க்காரர்கள் முதலில் வாங்க வேண்டியது கிண்டில் போன்ற, மின்மைத் (இ-இங்க்) திரை கொண்ட வாசிப்புக் கருவி என்பதே என் உறுதியான கருத்து. ஒரு நாவலுக்காகப் போடிமெட்டு இறங்கித் தேனிவரை போய் வந்தவர்களுக்கு, 2016 டிசம்பரில் கிண்டில் தமிழ் நூல்களுக்குக் கதவைத் திறந்ததன் அருமை தெரியும். பக்கம் மாறும்போது மட்டுமே அந்தத் திரைக்கு மின்சாரம் தேவைப்படுவதால், மரம் விழுந்து கம்பி அறுந்து மூன்று நாள் இருளில் கிடந்தாலும், முன்விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே இருக்கலாம். டேப்லெட் அத்தனை நாள் தாங்காது.

ஆயினும் பழைய நூல்களைத் தேடுபவருக்கு டேப்லெட் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் அரிய நூல்களில் பல, தாளைப் படமெடுத்த பிடிஎஃப்கள். ஆறு அங்குலத் திரையில் அவற்றின் எழுத்து சிறுத்து, ஒற்றின் மேலுள்ள புள்ளியே மறைந்துபோகிறது. பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடுகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து தந்ததன் பெருமை இங்கேதான் விளங்குகிறது: அந்த எழுத்துகள் எந்தத் திரைக்கும் ஏற்ப மடங்கிக்கொள்ளும். (தமிழின் நீண்ட சொற்கள் சிறு திரையில் சொற்களுக்கிடையே பொந்து விழச் செய்வதால், இருபுறச் சீரமைப்பை நீக்கி இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்திக்கொள்வது கண்ணுக்கு இதம்.)

அச்சுப் புத்தகத்தை நான் விடாமலிருப்பது மகளுக்காக. பள்ளியில் அவள் படிப்பதெல்லாம் மலையாளமும் ஆங்கிலமும்தான். என் கருவிக்குள் முந்நூறு தமிழ் நூல்கள் இருந்தாலும் அவள் பார்வைக்கு அது ஒரு கறுப்புப் பலகை மட்டுமே. மேசைமேல் கிடக்கும் புத்தகத்தையோ, யாரும் சொல்லாமலே எடுத்துப் புரட்டுகிறாள், எழுத்துக் கூட்டுகிறாள், படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள். கடையில் வாங்கிய மின்நூல் என் கணக்கோடு கட்டுண்டது. அதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்க வழியில்லை. 2009இல் அமேசான் நிறுவனம், தான் விற்ற சில நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அழித்ததையும் நான் மறக்கவில்லை.

இந்த ஆண்டு மழைக்கு முன்பே அவளுக்காகப் பத்துப் புத்தகங்கள் வாங்கி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடியுள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றில் மூன்று இப்போது பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகளிடம் இருக்கின்றன.