மாதிரி தைத்துக் காட்டாதவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் எங்கள் சைக்கிள் குழுவுக்கு ஜேர்சி அடிப்போம் என்ற பேச்சு தொடங்கியதிலிருந்து வட்சப்பில் ஒரே கேள்விதான் சுற்றுகிறது: “ஆகக் குறைய எங்க அடிக்கலாம்?” எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடில்லை. யாரிடம் கொடுப்பது என்பதை விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கையில் கிடைப்பது சிப் வைத்த ரீசேட்தான். அங்கே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சைக்கிள் ஓடுகிற தம்பிமாருக்கும் பயன்படும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஏறியபோது தேவைக்காக ஓடத் தொடங்கியவர்கள்தான் எங்களில் பலர். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிளை விடாதவர்கள் சேர்ந்ததுதான் இந்தக் குழு. பாடசாலைப் பிள்ளையும் இருக்கிறான், ஓய்வுபெற்ற ஆசிரியரும் இருக்கிறார். அந்தப் பிள்ளை ஜேர்சிக்குத் தருவது வீட்டில் கெஞ்சிக் கேட்டு வாங்கி வருகிற காசு. இரண்டு மாதத்தில் சிப் இறுகி, பொக்கற் தொங்கிப் போகிற ஒன்றை அவன் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

சைக்கிள் ஜேர்சியின் வெட்டே வேறு. ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்திருக்கும் உடம்புக்காக வெட்டுவது அது. முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம், கை முன்னோக்கித் திரும்பியிருக்கும். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் நெஞ்சில் கொஞ்சம் இழுக்கத்தான் வேண்டும். சைக்கிளில் ஏறிக் குனிந்ததும் அந்த இழுப்பு போய்விடும். கிரிக்கெட்டுக்கும் உதைபந்துக்கும் அடித்துப் பழகிய பலர், தங்களிடம் இருக்கிற ரீசேட் பற்றனையே எடுத்து, நடுவில் பிளந்து சிப் வைத்து, பின்னால் மூன்று பொக்கற் தைத்து ஜேர்சி என்று தருகிறார்கள். குனிந்தால் வயிற்றில் துணி குவியும், இடுப்பு வெளியே தெரியும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கிறபோது அதைப் போட்டுக்கொண்டு நிலாவெளி வீதியில் ஓடிப் பாருங்கள். பக்கத்தால் வருகிற காற்று துணிக்குள் புகுந்து ஊதும். இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறினால் சைக்கிளையே இழுக்கும்.

பொக்கற் இன்னொரு சோதனை. போன், மாற்று ரியூப், கைப்பம்ப், இரண்டு வாழைப்பழம், கந்தளாய்ப் பக்கம் போவதென்றால் இன்னொரு தண்ணீர்ப் போத்தல், எல்லாம் முதுகில்தான். உடம்புத் துணியையே பொக்கற்றுக்கும் போட்டால் பாரத்தில் இழுபட்டுப் பின்பக்கம் தொடை வரை இறங்கும். பொக்கற்றுக்குக் குறைவாக இழுபடுகிற துணி வேண்டும். கீழ்விளிம்பில் சிலிக்கோன் பட்டி வைத்த இலாஸ்ரிக் வேண்டும், இல்லாவிட்டால் ஜேர்சி இடுப்பில் நிற்காது. சிப் கழுத்திலிருந்து அடி வரை முழுதாகத் திறக்க வேண்டும். எங்கள் வெயிலுக்கு அரைச் சிப் போதாது. உலோகப் பல் வைத்த மலிவுச் சிப் வியர்வை உப்பிலும் கடற்காற்றிலும் விரைவில் பிடித்துக்கொள்ளும், நைலோன் சிப் கேளுங்கள்.

இவை ஒன்றும் கொம்பியூட்டரில் செய்து அனுப்புகிற படத்தில் தெரியாது. அந்தப் படத்தில் எல்லா ஜேர்சியும் அழகுதான், எல்லா உடம்பும் ஒரே அளவுதான். அதனால் நான் பிடிவாதமாக நிற்கிற இடம் ஒன்று: எங்கள் டிசைனில், அவர்கள் மொத்த ஓடருக்குப் போடப்போகிற அதே துணியில், ஒரு மாதிரி தைத்துத் தரவேண்டும். அதற்குக் காசு கேட்டால் கொடுப்போம், அது நியாயம். மாதிரியை ஒருவர் போட்டு, பொக்கற்றுகளை நிரப்பி, குச்சவெளி வரை போய்த் திரும்பி, தோய்த்துக் காயவைத்து, பிறகு எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் முற்பணம்.

“ஒன்று மட்டும் அடிக்க ஏலாது, மொத்தமாத்தான் செய்யலாம்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கிறீன் பிறின்ற் என்றால் அந்தப் பதிலை ஏற்கலாம். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சுச் சட்டம் செய்ய வேண்டும், ஒன்றுக்காகச் செய்தால் கட்டாது. ஜேர்சிக்கு அடிப்பது சப்ளிமேசன். டிசைன் கோப்பை நேரே தாளில் அச்சிட்டு, அந்தத் தாளை வெள்ளைப் பொலியெஸ்டர் துணியின் மேல் வைத்து ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். மை ஆவியாகி நூலுக்குள் போய் இறங்கிவிடுகிறது. அதனால்தான் அந்த அச்சு வெடிப்பதில்லை, உரிவதில்லை, துணியின் காற்றோட்டத்தையும் அடைப்பதில்லை. பருத்தியில் இந்த வேலை நடக்காது. இந்த முறையில் ஒன்றும் அடிக்கலாம், நூறும் அடிக்கலாம். ஒன்றுக்குக் கூலி கூட வரும், அவ்வளவுதான். முடியவே முடியாது என்கிறவர் பெரும்பாலும் இடைத்தரகர். வேறெங்கோ கொடுத்து வாங்கித் தருகிறவருக்கு ஒன்றைக் கேட்டு வாங்குவது சிரமம். தரகராக இருப்பதில் பிழையில்லை. பிழை வந்தால் திருத்தித் தருவது யார் என்பதை முதலே சொல்லட்டும்.

மாதிரி கைக்கு வந்ததும் அக்குளைத் திருப்பிப் பாருங்கள். சரியாகச் செய்கிறவர்கள் துண்டுகளாக அச்சிட்டு, வெட்டி, பிறகு தைப்பார்கள். தையலுக்குள்ளேயும் நிறம் இருக்கும். தைத்த வெள்ளைச் சட்டையின் மேல் அப்படியே அச்சை அழுத்தியிருந்தால் அக்குளிலும் தையல் மடிப்பிலும் வெள்ளைக் கோடுகள் கிடக்கும். பிறகு துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இழுபடும்போது அடியிலிருக்கும் வெள்ளை மெல்லியதாகத் தெரிவது வழமை, உள்ளே கை விட்டால் விரல் தெளிவாகத் தெரிகிற அளவுக்குத் துணி மெல்லியதென்றால் அது எங்கள் வெயிலுக்கு உதவாது. முதுகு வெந்துபோகும்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், இது எனக்கு மிக நெருக்கமான விசயம். நெஞ்சில் திருகோணமலை என்று தமிழில் வரவேண்டும் என்று கேட்டோம். ஓரிடத்திலிருந்து வந்த முதல் படத்தில் ‘கோ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது, ‘லை’ உடைந்து கிடந்தது. சுட்டிக்காட்டியபோது “அச்சில சரியா வரும்” என்று பதில் வந்தது. வராது. திரையில் உடைந்தது துணியிலும் உடைந்துதான் வரும். டிசைன் மென்பொருள் சிலவற்றில் ஒருங்குறித் தமிழுக்குரிய அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் எழுத்து இப்படிக் குலையும். பாமினியில் தட்டினால் வேறு தொல்லை: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். இதற்கு வழி சுலபம். எழுத்தை நாங்களே சரியாக அமைத்து, கேர்வ் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக மாற்றி, வெக்டர் கோப்பாகக் கொடுக்கவேண்டும். சிங்களத்துக்கும் இதேதான், எங்கள் ஜேர்சியில் ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் வரப்போகிறது, மூன்றும் பிழையில்லாமல் வரவேண்டும். உங்கள் எழுத்து உடைந்திருக்கிறது என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறாரா, சமாளிக்கிறாரா என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

நிறத்துக்கும் அனுசரணைக்கும் வருகிறேன். காசு தருகிற ஒவ்வொரு கடையின் லோகோவையும் முன்னும் பின்னும் நிரப்பினால் ஓடுகிற சைக்கிளில் ஒன்றையும் வாசிக்க முடியாது. துவர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் போடுகிற மஞ்சள் ஜேர்சி 1919இல் வந்தது. அந்தப் பந்தயத்தை நடத்திய ல’ஓட்டோ பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் 1931இல் வந்த இளஞ்சிவப்பு ஜேர்சியும் கசெற்றா பத்திரிகைத் தாளின் நிறம்தான். ஒரு நிறத்தை உறுதியாகப் பிடித்ததால் இன்றைக்கும் உலகம் அதை அடையாளம் காண்கிறது. இரண்டு, மூன்று அனுசரணையாளர் போதும், அவர்களைக் கண்ணியமாக, பெரிதாகப் போடுவோம்.

நிறம் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினையும்கூட. விடிய முன்னம் கந்தளாய் வீதியில் லொறியும் பஸ்ஸும் எங்களை உரசிக்கொண்டு போகின்றன. கடும் நீலமும் கறுப்பும் வடிவாயிருக்கும் என்று தம்பிமார் சிலர் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த நிறம் வீதியோடு கலந்துவிடும். பளிச்சென்று ஒளிர்கிற மஞ்சள், செம்மஞ்சள் வேண்டுமென்றால் அச்சகத்தில் ஃபுளோரசன்ற் மை இருக்கிறதா என்று கேளுங்கள். வழமையான நான்கு மையைக் கலந்து அந்த நிறத்தை எடுக்க முடியாது. திரையில் பளிச்சென்று தெரிந்து துணியில் மங்கலாக வருவது இதனால்தான். அந்த ஒளிர்வும் பகல் வெளிச்சத்துக்குத்தான். இருட்டுக்குப் பொக்கற்றின் மேல் ஒளி தெறிக்கும் பட்டி வேறாக வைக்க வேண்டும்.

எங்கே கொடுப்பது? சீனாவிலும், உதைபந்து தயாரிப்புக்குப் பேர்போன பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் நல்ல வேலை செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். விலையும் கேட்க நன்றாயிருக்கும். அதோடு அனுப்புகிற செலவு, சுங்க வரி எல்லாம் கூட்டிப் பாருங்கள். எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு அதைவிடப் பெரிய சிக்கல், அளவு பிழைத்தால் திருப்பி அனுப்ப வழியில்லை என்பது. உள்நாட்டில் கொடுப்போம் என்பதே என் நிலைப்பாடு. 1978இல் கட்டுநாயக்கா வலயம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாடு உலகத்துக்குத் தைத்து அனுப்புகிறது. ஓவர்லொக், பிளாட்லொக் தையல் கைவந்த பெண்கள் எங்கள் கிராமங்களிலேயே இருக்கிறார்கள். கொழும்பில் அச்சிட்டு எடுத்து, சைக்கிள் வெட்டுத் தெரிந்த ஒருவரின் பற்றனில் இங்கேயே தைப்பித்தால் என்ன என்றும் யோசிக்கிறேன். மாதிரியில் சரிவந்தால் அதுதான் எனக்கு முதல் விருப்பம்.

உள்நாட்டைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் அளவு. எஸ் முதல் 3எக்ஸ்எல் வரை தைத்த சட்டைகளைக் கொண்டுவந்து எல்லோரையும் போட்டுப் பார்க்க விடுகிறவர் வேண்டும். நெஞ்சளவை மட்டும் வட்சப்பில் அனுப்பச் சொல்கிறவர் வேண்டாம். தங்கச்சிமாருக்குப் பெண்களுக்கான வெட்டு வேறாக வேண்டும், ஆண்களின் சின்ன சைஸைக் கொடுத்து அனுப்பக்கூடாது. முழுக்கை வேண்டும் என்று முஸ்லிம் தங்கச்சிமார் கேட்டிருக்கிறார்கள். அதே விலைக்கோ நியாயமான கூடுதலுக்கோ அதையும் செய்து தரவேண்டும். வெயிலுக்கு முழுக்கை எனக்கும் விருப்பம். அடுத்த வருசம் புதிதாக மூன்று பேர் சேர்ந்தால் மூன்று மட்டும் அடித்துத் தருவாரா, எங்கள் கோப்பையும் நிற எண்களையும் வைத்திருப்பாரா, கோப்பு எங்களுக்கும் தருவாரா என்பதை எழுத்தில் வாங்குவோம். இதற்கு ஓம் என்கிறவருக்கு நான் கூடுதல் விலை கொடுக்கவும் ஆயத்தம்.

விலை கேட்கும்போது 18% வற் வரி உள்ளேயா வெளியேயா என்று கேட்கவேண்டும். மாதிரியை ஒத்துக்கொண்ட பிறகு பாதி, பொருளைப் பார்த்த பிறகு மீதி. தை முதல் பங்குனி வரை பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி ரீசேட்டுகளால் அச்சகங்கள் நிரம்பிவிடும், பிறகு சித்திரைப் புத்தாண்டு ஓட்டங்கள் வரும். அந்த நெருக்கத்தில் கொடுத்தால் அவசர வேலைதான் கிடைக்கும். மாரி மழையில் நாங்கள் அதிகம் ஓடாத கார்த்திகையில் மாதிரியை முடித்துவிட வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை ஓட்டம் முடிந்து உப்புவெளியில் தேத்தண்ணிக்கு நிற்போம். இலங்கையில் தைத்த சைக்கிள் ஜேர்சி யாரிடமாவது இருந்தால், நல்லதோ கூடாததோ, தோய்த்துப் பழசானதாகவே கொண்டு வாருங்கள். யார் தைத்தது, என்ன விலை, எவ்வளவு காலம் ஓடினீர்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறேன்.