அந்தக் குடத்தை எடுக்க மாட்டோம்

இன்றைக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சுதான். பெருங்குடியில் எங்கள் ஆபீஸ் கேன்டீன். எதிரில் உட்கார்ந்திருந்தவள் போனை என் பக்கம் திருப்பினாள். டிரோன் மேலேயிருந்து இறங்குகிறது. வரிசையாக ஓட்டுக்கூரை, நடுவில் ஊருணி, அப்புறம் ஒரு பெரிய வீட்டு முகப்பு. "இது உங்க ஊர்ப் பக்கம்தானே? சொர்க்கம்டி! நானா இருந்தா மெட்ராஸ் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சென்னைக்கு வந்து ஒன்பது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டு ஓனர் அம்மா சொல்வார், கேப் ஓட்டுகிற அண்ணன் சொல்வார், மேனேஜர் லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடும்போது "என்ஜாய்" என்பார். நான் ஊருக்குப் போவது அம்மாவின் முழங்காலுக்கு டாக்டரிடம் காட்ட.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் அடுத்த சனிக்கிழமையே நாலு கார் வந்து நிற்கும். செட்டிநாடு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் ஒரு காலத்தில் 96 ஊர்கள் என்பார்கள். இன்றைக்கு 70-க்குச் சற்று மேல். பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர். ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் விடுகிற நீளம். 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்கூட இந்த ஊர்க்கூட்டம் ஏறிவிட்டது. எல்லாம் சரி. அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று யாராவது ஒரு தடவை கேட்டிருக்கிறீர்களா?

வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், மூன்று நாள் வீடு நிறைந்திருக்கும், திரும்பப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு அங்கே. மிச்ச நாளெல்லாம் ஊரில் இருப்பது நாங்கள். என் அப்பா ஒரு பெரிய வீட்டின் சாவியை இருபத்தாறு வருஷமாக வைத்திருக்கிறார். விடிந்தால் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுவார், பொழுது சாய்ந்தால் விளக்கேற்றிப் பூட்டுவார். நாங்கள் இருப்பது அந்த வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டிய இரண்டு அறை ஓட்டு வீடு. அது எந்த ரீல்ஸிலும் வந்ததில்லை. வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தானே எடுக்கிறீர்கள்!

இந்தப் பொங்கலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலை ஆறரை மணி. எங்களுக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அன்று வருகிற நாள். தெருக்குழாய் பெரிய வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால், அம்மா பிடித்துப் பிடித்து அந்தத் திண்ணை ஓரத்தில் குடங்களை வைத்திருந்தாள். பச்சை ஒன்று, நீலம் ஒன்று, விளிம்பு உடைந்த ஆரஞ்சு ஒன்று. அப்போது இரண்டு கார்கள் வந்தன. கல்யாணம் ஆகப்போகிற ஜோடி, கேமராக்காரர்கள் மூன்று பேர், மேக்கப் போடும் பெண் ஒருத்தி. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திண்ணையில் ஏறி உட்கார்ந்தார்கள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே ஒரு பையன் சொன்னான்: "அம்மா, கொஞ்சம் ஃபிரேமை விட்டு நகருங்க. அந்த பிளாஸ்டிக் குடத்தையும் எடுத்துடுங்க, நல்லா இல்ல."

அம்மா எடுத்தாள். வலிக்கிற முழங்காலோடு, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மூன்று தடவை நடந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் நின்றேன், விஷயம் தெரிந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள் ஊருணிக்குப் போயிருந்தார்கள். செருப்புக் காலோடு படித்துறையில் கடைசிப் படி வரைக்கும் இறங்கி, அந்தப் பெண் தண்ணீரைக் காலால் எற்றுவதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊருணியில் நாங்கள் கால் வைக்க மாட்டோம். என் ஆத்தா காலத்தில் ஊரே குடித்த தண்ணீர் அது. குடத்தைச் சாய்த்து மொள்ள வேண்டும், கை கால் கழுவக்கூடாது, துணி துவைத்தால் அபராதம். மழைத் தண்ணீர் வாரி வழியாக வந்து சேருகிற மாதிரி வாய்க்கால் போட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்தது. அன்றைக்கு அதில் இரண்டு காப்பிக் கப் மிதந்தது. அப்பாதான் கம்பை விட்டு எடுத்தார்.

நான் கத்தினேன். கத்தத்தான் செய்தேன். "எவ்வளவு வேணும் சொல்லுங்க" என்றான் ஒருவன். காசு கேட்டுக் கத்துகிறேன் என்று நினைத்துவிட்டான்.

சொர்க்கம் என்கிறீர்களே, அந்தச் சொர்க்கத்துக்கு பஸ் எத்தனை தெரியுமா? எங்கள் ஊருக்குள் டவுன் பஸ் ஒரு நாளைக்கு நாலு நடை. காலை ஒன்பது மணி வண்டியை விட்டால் மதியம் ஒன்றரைக்குத்தான். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அது உண்மையிலேயே பெரிய காரியம், அம்மா கையில் பத்து ரூபாய் மிஞ்சுகிறது. ஆனால் வண்டி வர வேண்டுமே! வராத நாளில் புளியமரத்தடியில் நின்றுவிட்டு எனக்குப் போன் போடுவாள். நான் இங்கே பெருங்குடியில் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து, பக்கத்து ஊர் ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, அம்மா நிக்குறாக, கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி ஜிபேயில் பணம் அனுப்புவேன். மாதத்தில் மூன்று தடவையாவது இது நடக்கிறது. நான் படித்த ஆரம்பப் பள்ளியில் இப்போது இருக்கிற பிள்ளைகளை இரண்டு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ராத்திரி நெஞ்சுவலி என்றால் 108-க்குப் போன் போட்டுவிட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். இதனால்தான் நான் இங்கே இருக்கிறேன், புரிகிறதா? ஆசைப்பட்டு இல்லை.

அப்புறம் அந்தத் தூண்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபோது இந்த வீட்டுக்காரர்களுக்கு அங்கேயிருந்த தொழிலும் சொத்தும் போனது, அந்த மாதிரி வீடு கட்டுகிற காலமும் அத்தோடு முடிந்தது. இன்றைக்கு ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்காளிகள். ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் ஒழுகும். ஒழுகினால் உத்தரம் உளுக்கும். கடைசியில் பிரித்துத் தூணும் கதவும் தனித்தனியாக விற்றுவிடுவார்கள். ஹோட்டலாக மாறிய வீடுகள் எவ்வளவோ மேல், ஓடாவது ஒழுகாமல் நிற்கிறது. என் சித்தி மகனுக்கு அதில் ஒன்றில்தான் சமையல் வேலை.

போன மாதம் ஆபீஸ் பார்ட்டிக்குச் சென்னையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நடுக்கூடத்தில் நாலு தேக்குத் தூண். எல்லோரும் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. யாரோ ஒரு ஆச்சி அறுபது எழுபது வருஷம் அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பார். எந்த ஊர், எந்த வீடு, எதுவும் எழுதியிருக்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போட்டோதான் வேண்டுமென்றால் ஈசிஆரில் முட்டுக்காட்டுக்குப் போங்கள். தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1996-லிருந்து திறந்திருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு நிதானமாகச் சுற்றுங்கள். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, யாரையும் நகரச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கும் வாருங்கள், வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் நின்று "வரலாமா" என்று கேளுங்கள், அப்பா சாவியோடு வந்து வீட்டை ஒவ்வொரு கட்டாகத் திறந்து காட்டுவார், அம்மா மோர் கொடுப்பாள். டவுன் பஸ்ஸில் வாருங்கள், கூட்டம் இருந்தால்தான் நடையைக் குறைக்க மாட்டார்கள். ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றுங்கள். விடிகாலையில் வந்தால் திண்ணை ஓரத்தில் பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக மூன்று குடம் இருக்கும். அது அடுத்த இரண்டு நாளைக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர். அதை எடுக்க மாட்டோம் என்று அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.