பனிக்காலத்தில் பரணின் காற்றுத் துளைகளை அடைக்கலாமா?

பனிக்காலத்தில் கூரையடிப் பரணின் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் கூரை விளிம்பில் பனிக்கட்டி சேராது என்று பரவும் தகவல் தவறானது. வீட்டின் வெப்பம் பரணில் தேங்கிக் கூரையைச் சூடாக்கும்போது, மேலே கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி வழிந்து, வெப்பம் எட்டாத இறவாரத்தில் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பில்) மீண்டும் உறைந்து அணைபோல் நிற்கிறது. அதன் பின்னால் தேங்கும் நீர்தான் ஓடுகளின் இடுக்கில் ஏறி உள்ளே கசிகிறது. துளைகளை அடைத்தால் இந்தச் சிக்கல் அதிகரிக்கவே செய்யும். ஈரமும் வெளியேற வழியின்றி கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீளும் ஆணிமுனைகளில் உறைபனியாகப் படிந்து, பின்னர் சொட்டி, அந்தப் பலகையை மக்கச் செய்யும். அடைக்க வேண்டியது பரணின் தரையில், குழாய்களும் மின்கம்பிகளும் நுழையும் இடைவெளிகளையும் பரண் கதவின் ஓரத்தையும்தான். வெப்பக்காப்பை அதன் பிறகே, இறவாரத் துளைகளை மூடாமல் விரிக்க வேண்டும். கூரையை மாற்றுபவர்கள், இறவாரத்திலிருந்து வெளிச்சுவரின் உட்புறத்தைக் கடந்து குறைந்தது 24 அங்குலம் வரை ஒட்டும் நீர்த்தடுப்பு விரிப்பைப் போடச் சொல்வது நல்லது. ஆயினும் அது கசிவைத் தடுக்குமே தவிர, பனிக்கட்டி சேர்வதைத் தடுக்காது.